சொல்லச் சொல்ல எழுதுகிறவர்கள்

மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) தல புராணங்களை உட்கார்ந்து எழுதியவர் அல்லர், வாயால் சொன்னவர். அவர் பாட்டுக்குச் செய்யுளைச் சொல்லிக்கொண்டே போவார், பக்கத்தில் ஏடும் எழுத்தாணியுமாக ஒரு மாணவர் எழுதிக்கொண்டே வருவார். அவருடைய மாணவரான உ.வே.சாமிநாதையர் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். தாமே எழுதவில்லையே என்று பிள்ளையின் புலமையை யாரும் சந்தேகப்பட்டதாகத் தெரியவில்லை.

நானும் அந்த வேலைதான் செய்கிறேன், பரீட்சை ஹாலில். அரசாணையில் என் பெயர் ‘சொல்வதை எழுதுபவர்’, கல்லூரியில் ‘ஸ்கிரைப்’, பிள்ளைகளுக்கு ‘அக்கா’. படிப்பு பிளஸ் டூ, காமர்ஸ் குரூப். பிழைப்பு சைதாப்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை. செமஸ்டர் வந்தால் கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு, வாசிப்பும் எழுத்தும் தடுமாறும் டிஸ்லெக்ஸியா உள்ள இன்ஜினியரிங், பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு எழுதப் போவேன். ஹால்களில் என்னைப் பார்க்கிற பார்வையைப் பார்த்துத்தான், இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

தொழிற்படிப்பு ஆரம்பத்தில் எழுத்துப் படிப்பே இல்லை. இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி, 1794-ல் எட்டுப் பையன்களோடு தொடங்கிய சர்வே பள்ளி. நில அளவையாளர்களுக்கு உதவியாளர்களைத் தயார் செய்வதுதான் அதன் வேலை. 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது; 1859-ல் அந்தப் பள்ளி கல்லூரியாகி அதன் கீழ் போனது. அதன் பிறகு அளக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, அளந்ததைப் பற்றி மூன்று மணி நேரத்தில் சொந்தக் கையால் எழுதவும் தெரிய வேண்டும் என்றாகிவிட்டது. கையும் காதும் நன்றாக வேலை செய்து எழுத்து மட்டும் வராத பையன் அதோடு வெளியே நின்றான். அவனுக்கு அப்போது ‘மக்கு’ என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை.

அப்படி ஒரு பையனை மருத்துவர் ஒருவர் கவனித்தது இங்கிலாந்தில். 1896-ல் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் பெர்ஸி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில்’ எழுதினார். தன் பெயரையே எழுத்து இடம் மாற்றி ‘ப்ரெஸி’ என்று எழுதுகிற பையன். வருடக்கணக்கில் பாடுபட்டும் சின்னச் சின்ன வார்த்தைகள்கூடத் தடுமாறின. ஆனால் 785852017 என்ற எண்ணைத் தட்டில்லாமல் வாசித்தான், அல்ஜீப்ரா போட்டான். பாடம் முழுக்க வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்பது அவன் ஆசிரியரின் கருத்து. செய்ய வேண்டியது என்ன என்பதை அந்த வாத்தியார் அன்றைக்கே சொல்லிவிட்டார். அது நம் ஊர்ப் பரீட்சை ஹால் வரை வந்து சேர நூறு வருடத்துக்கு மேல் பிடித்தது.

இங்கே ஸ்கிரைப் என்ற ஏற்பாடு முதலில் பார்வையற்றவர்களுக்கானது. 1995-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைகளைச் சொன்னது; அதில் கற்றல் குறைபாடு இல்லை. 2007-ல் டிஸ்லெக்ஸியா பையனைப் பற்றிய ‘தாரே ஜமீன் பர்’ படம் பார்த்து ஊரே அழுதது, சட்டம் அப்படியேதான் இருந்தது. 2016 சட்டத்தில் வகைகள் 21 ஆயின, அதில்தான் டிஸ்லெக்ஸியா ஏறியது. 2018-ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்படி ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கூடுதலாகக் கிடைத்தது. மாணவரே அழைத்து வரும் ஸ்கிரைப், மாணவரைவிடப் படிப்பில் ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்றும் அது சொன்னது. குறைபாடு 40 சதவீதம் இருந்தால்தான் ஸ்கிரைப் என்பது சரியல்ல என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எழுதும்போது விரல்கள் இறுகிக்கொள்ளும் ஒருவர் போட்ட வழக்கு அது.

இதில் எனக்குக் குறையாகப் படுவது அந்த ‘ஒரு படி கீழே’. வரலாறு, பொருளாதாரத் தாளுக்கு அது சரி. தொழில்நுட்பத் தாளில் அதுவே கழுத்தைப் பிடிக்கிறது.

ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் தாள் ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு முனையிலும் தாங்கிய பீம், மேலே சீரான லோடு, நடுவில் எவ்வளவு தொய்யும் என்பது கேள்வி. இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். தம்பி கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்: “ஃபைவ் டபிள்யூ எல் பவர் ஃபோர் பை த்ரீ எயிட்டி ஃபோர் ஈ ஐ.” அவனே எழுதினால் 384 சில நேரம் 348 ஆகிவிடும், சொல்லும்போது ஒருநாளும் தப்பாது. எனக்கோ இன்னொரு சிக்கல். அந்த ஈ ஐ, 384-ஓடு கோட்டுக்குக் கீழே வருமா, தள்ளி வெளியே நிற்குமா? பாடம் தெரிந்தவருக்கு இது கேள்வியே இல்லை. காமர்ஸ் குரூப்புக்கு இரண்டும் ஒன்றுதான். “மேலயா, கீழயா?” என்றேன். அவன் மேசைமேல் விரலால் ஒரு கோடு இழுத்து அதன் அடியில் தட்டினான். “கீழக்கா.” உடனே மேற்பார்வையாளர் வந்துவிட்டார். “என்னம்மா, சைகை எல்லாம் பண்றீங்க?” அவருக்கு விளக்கி, அவர் தலைமைக் கண்காணிப்பாளரைக் கேட்டு வருவதற்குள், கூடுதலாகக் கொடுத்த நேரத்தில் ஒரு பங்கு போய்விட்டது. அந்தப் பீமுக்கு பெண்டிங் மொமெண்ட் வரைபடத்தை அவனே ஸ்கேல் வைத்துப் போட்டான். நடுவில் உச்சம், இரண்டு பக்கமும் வழிந்து இறங்குகிற வளைவு. அவ்வளவு சுத்தமாக வந்தது. எழுத்தும் எண்ணும் மட்டும் நான் குறித்தேன். வேறு ஹாலில் இதே வரைபடத்துக்கு, ஸ்கிரைப் இருந்தால் மாணவன் பென்சிலையே தொடக்கூடாது என்பார்கள்.

ஹாலுக்கு வந்து சேருகிறவர்களும் பெரும்பாலும் இங்கிலீஷ் மீடியம், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள். அதற்குக் காரணம் உண்டு. குறைபாட்டைக் கண்டறியும் சோதனை குழந்தை வாசிக்கும் மொழியில் இருக்க வேண்டும். தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தின் ‘டாலி’ சோதனை 2015-ல் வந்தபோது இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் என நான்கு மொழிகளில் வந்தது. அப்போது தமிழ் இல்லை. தமிழ் மீடியத்தில் படித்து பாலிடெக்னிக்கில் அரியர் சுமக்கிற பையன்களில் எத்தனை பேர் சோதனைக்கே போகாமல் ‘படிக்காதவன்’ என்ற பெயரோடு நின்றுபோனார்களோ!

கம்ப்யூட்டர் வந்துவிட்டதே, ஸ்கிரைப் எதற்கு என்கிறார்கள். 2018 வழிகாட்டுதல் அதற்கும் இடம் தந்தது. வாக்கியத்தைக் கம்ப்யூட்டர் நன்றாகவே வாசிக்கிறது. கேள்வித்தாளில் சமன்பாட்டைப் படமாக ஒட்டியிருந்தால் ஊமையாகிவிடும். அதையும் ஒருவர் வாசித்துத்தான் ஆக வேண்டும். பாடம் தெரிந்த, அதே நேரம் அந்தத் தாளை எழுதியிராத வேறு துறை மாணவரை அனுமதித்து, கூடவே ஒரு ரெக்கார்டரையும் வைத்துவிட்டால் காப்பியடிப்பு பயமும் தீரும் என்பது என் எண்ணம். எனக்கு வருமானம் போகும், போகட்டும்.

பீம் கணக்குச் சொன்ன தம்பி அரியரெல்லாம் கிளியர் பண்ணி, இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறான். இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டை போனில் வாயால் சொல்கிறான், அது டைப் ஆகிவிடுகிறது. எண்களை மட்டும் பக்கத்து சீட்டுக்காரர் ஒரு தரம் சரிபார்த்துக் கொடுக்கிறார். அதற்கு அங்கே யாரும் அவனிடம் குறைபாட்டுச் சர்டிபிகேட் கேட்கவில்லையாம்.