இரு தேவியரும் ஒருதாரச் சட்டமும்

தாம்பரத்துக்கு வடமேற்கே, சேக்கிழார் பிறந்த குன்றத்தூரின் மலைக்கோயிலில் முருகன் வள்ளி, தெய்வானை இருவரோடும் எழுந்தருளியிருந்தாலும், சன்னதியின் ஒரு புறம் நிற்பவருக்கு வள்ளியும் மறுபுறம் நிற்பவருக்குத் தெய்வானையுமே அவரோடு காட்சி தருகின்றனர். கோவளத்துக்குத் தெற்கே திருவிடந்தையில் வழங்கும் தலபுராணமோ, வராகப் பெருமாள் காலவ முனிவரின் 360 பெண்களை நாளொருவராக மணந்து, முடிவில் அனைவரையும் அகிலவல்லி என்னும் ஒரே நாச்சியாராக்கினார் என்கிறது. பலதாரத்தை, அதாவது ஒருவன் பல பெண்களை மணப்பதை, ஏற்றுக்கொண்ட சமூகத்துக்கு அதில் சிறு கூச்சமும் இருந்தது போலும்.

ஆண் ஒரே மனைவியோடு வாழ்வது 'ஏகபத்தினி விரதம்' எனப் பெயர் பெற்றதே, அது பொதுக் கடமையாகக் கருதப்படவில்லை என்பதைக் காட்டுகிறது. பெண் ஒருவனோடு வாழ்வதையோ யாரும் விரதம் என்று பாராட்டவில்லை, கற்பு என்று விதித்தனர். ஆகவே ஒருதாரம் உயர்ந்த அறமா என்னும் வினாவில், மனைவியரின் எண்ணிக்கையைவிட, பிள்ளையில்லை என்று இளையாளைக் கொண்டுவரும்போது மூத்தாளால் மறுக்க முடிந்ததா என்பதே முதன்மையானது. மறுக்க முடியவில்லை. கணவன் மறுமணம் செய்தால் மனைவி தனியே வாழ்ந்து ஜீவனாம்சம் பெறலாம் என 1946ஆம் ஆண்டின் சட்டம் இடம் தந்தது. அத்திருமணத்தையே தடுத்தது, தாம்பரம் அடங்கிய செங்கற்பட்டு மாவட்டத்துக்கும் பொருந்திய 1949ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம். நாடு முழுவதற்குமான இந்து திருமணச் சட்டம் 1955இல் வந்தபோது, முன்பே பலதார மணத்தில் இருந்த பெண்கள் மணவிலக்குக் கோரவும் வழி பிறந்தது.

எனினும் சடங்கு முறைப்படி நடந்தால்தான் இரண்டாம் மணம் குற்றமாகும் என்று 1965இல் உச்ச நீதிமன்றம் கூறியதால், சப்தபதி எனப்படும் ஏழடிச் சடங்கைத் தவிர்த்த ஆண்கள் தப்ப முடிந்தது. அப்படி மணந்து கைவிடப்பட்ட இளையாளுக்கு மனைவி என்னும் தகுதியும் கிட்டவில்லை. உற்றார் முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும் என்று சுயமரியாதைத் திருமணங்களுக்காக 1967இல் தமிழகம் கொண்டுவந்த திருத்தம், எதிர்பாராத வகையில் இந்த ஓட்டையையும் அடைத்தது. சப்தபதி இல்லாமல் நடந்த ஓர் இரண்டாம் மணத்தை, அத்திருத்தத்தைக் காட்டி, 2001இல் உச்ச நீதிமன்றம் குற்றம் என்று தீர்த்தது. அம்மணம் நடந்த ஊர், முருகன் வள்ளியை மணந்ததாகச் சொல்லப்படும் திருத்தணி.