மூன்று வருட விசா, இருபத்தைந்து வருடக் கடன்

துபாயில் வெளிநாட்டுக்காரர்களும் சொந்தமாக வீடு வாங்கலாம் என்ற அறிவிப்பு 2002இல் வந்தது. வெளியிட்டவர் அன்று பட்டத்து இளவரசராக இருந்த ஷேக் முகம்மது பின் ராஷித் அல் மக்தூம். அதற்கு முன், அந்த ஊரில் இரண்டு தலைமுறையாகத் துணிக்கடை வைத்திருந்த சிந்தி வியாபாரியும் வாடகைக் குடித்தனம்தான், நேற்று விமானத்தில் வந்திறங்கிய கணக்காளரும் வாடகைக் குடித்தனம்தான். ஊரில் பத்துப் பேரில் ஒன்பது பேர் வெளியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அத்தனை பேரும் இன்னொருவர் வீட்டில் இருந்தார்கள். வேலை முடிந்தால் ஊருக்குத் திரும்ப வேண்டியவர்கள் என்பதால் யாருக்கும் அது பெரிய குறையாகவும் படவில்லை.

நான் 2006இல் போனேன். ஒரு வர்த்தக நிறுவனத்தில் கணக்கு வேலை, தங்கியது ஷார்ஜாவில். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு நான்கு தமிழ்க் குடும்பம் கூடினால், சாம்பார் முடிந்து ரசம் வருவதற்குள் அந்தப் பேச்சு வந்துவிடும். “நீங்க வாங்கிட்டீங்களா, இன்னும் வாடகைதானா?” கேட்கிற தொனியிலேயே வாடகை என்பது கொஞ்சம் கௌரவக் குறைச்சல் ஆகியிருந்தது. நான்கே வருடத்தில் ஒரு ஊரின் பேச்சு அப்படி மாறியதுதான் எனக்கு ஆச்சரியம்.

2008 இறுதியில் அந்தச் சந்தை சரிந்ததைப் பற்றி உலகப் பத்திரிகைகள் ஏராளமாக எழுதின. நின்றுபோன கிரேன்கள், பனைமர வடிவத் தீவு, சாவியோடு விமான நிலையத்தில் விட்டுப்போன கார்கள். கார்கள் 3,000 என்று ஒரு எண் சுற்றியது, போலீஸ் அதை மறுத்தது. எனக்கு அந்தக் காட்சிகளைவிட, மாதச் சம்பளக்காரர்கள் வாடகையா சொந்தமா என்று எக்ஸெல் ஷீட்டில் போட்டுப் பார்த்த கணக்குதான் வரலாறாகத் தெரிகிறது. அந்தக் கணக்கில் விலை இருந்தது, வட்டி இருந்தது, வாடகை இருந்தது. விசாவுக்கு மட்டும் கட்டம் இல்லை.

முதலில் சட்டத்தைப் பார்க்கலாம். அறிவிப்பு 2002இல். வெளிநாட்டவரின் உரிமையை நிலப்பதிவுத் துறையில் பதிய வழிசெய்த சட்டம் வந்தது 2006இல். நடுவில் நான்கு வருடம் ஆயிரக்கணக்கானவர்கள் வாங்கியது எதை என்று கேட்டால், டெவலப்பரின் பதிவேட்டில் தங்கள் பெயர் போட்ட ஒரு வரியை. நம்மூரில் வில்லங்கச் சான்றிதழ் பார்க்காமல் ஒரு சென்ட் நிலம் வாங்காதவர்கள், அங்கே ஒரு இளவரசரின் வாக்கை நம்பி வாங்கினார்கள். அந்த நம்பிக்கையை முட்டாள்தனம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஊரில் வாக்குதான் அதுவரை சட்டமாக வேலை செய்துவந்தது. வாங்குபவர் கட்டும் தவணை தனி எஸ்க்ரோ கணக்கில் இருக்க வேண்டும், அதே கட்டடத்துக்குத்தான் செலவாக வேண்டும் என்ற சட்டம் 2007இல் வந்தது. ரேரா என்ற ஒழுங்குமுறை அமைப்பும் அதே வருடம். கட்டி முடியாத வீடுகளின் விற்பனையையும் பதிவு செய்தாக வேண்டும் என்ற சட்டம் 2008இல், சரிவு தொடங்கச் சில மாதங்களே இருக்கும்போது.

கட்டி முடியாத வீடு என்பதுதான் அன்றைய சரக்கே. ‘ஆஃப் பிளான்’ என்பார்கள். பத்து சதவீதம் கட்டி புக் பண்ணுவது, அடுத்த தவணை வருவதற்குள் ‘பிரீமியம்’ வைத்து இன்னொருவருக்குக் கைமாற்றுவது. மணலில் ஒரு பலகை மட்டும் நட்டிருக்கும், அதற்குள் அந்த வீடு மூன்று கை மாறியிருக்கும். குடியிருக்க நினைத்து வாங்கியவர் அந்த வரிசையின் கடைசி ஆள்.

ஆனால் நான் அறிந்த தமிழ்க் குடும்பங்களை அந்த வரிசைக்குத் தள்ளியது பேராசையைவிட வாடகை பயம். 2005 இறுதியில் வாடகை ஏற்றத்துக்கு 15 சதவீத உச்சவரம்பு போட்டார்கள், 2007க்கு 7 சதவீதம், 2008க்கு 5 சதவீதம். வரம்பு பழைய குடித்தனக்காரருக்குத்தான் பொருந்தும். அதனால் ஓனர்கள் பழைய ஆளைக் கிளப்பப் பார்த்தார்கள். “எனக்கே வேணும்”, “பில்டிங்கை இடிக்கப் போறோம்”, இப்படி நோட்டீஸ் வரும். காலி செய்துவிட்டுப் புதிய வீடு தேடினால் சந்தை விலை. கராமாவில் ஒரே மாடியில் எதிரெதிர் வீட்டில் ஒருவர் கொடுக்கும் வாடகை மற்றவர் கொடுப்பதில் பாதியாக இருக்கும். பலர் ஷார்ஜாவுக்குப் பெயர்ந்து, காலையும் மாலையும் அல் இத்திஹாத் சாலை நெரிசலில் வாழ்க்கையைக் கழித்தார்கள். இன்னும் சிலர் மனைவி மக்களை ஊருக்கு அனுப்பிவிட்டு ‘பெட் ஸ்பேஸ்’ எடுத்தார்கள், அதாவது ஒரு அறையில் ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு. 2008இல் மாநகராட்சி ‘ஒரு வில்லாவுக்கு ஒரு குடும்பம்’ என்று இறங்கி, பங்குபோட்டுத் தங்கியிருந்தவர்களை வெளியேற்றியது. சத்வாவின் பழைய தெருக்களை இடித்துப் புதுநகரம் கட்டும் திட்டமும் அப்போதுதான்.

இப்படி இருக்கும்போது வங்கி ஆள் வந்து, “சார், வாடகையா கொடுக்கிற அதே காசுதான் தவணை” என்று சொன்னால் யாருக்குத்தான் மனசு ஆடாது? எலி வளையானாலும் தனி வளை என்று பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 10 லட்சம் திர்ஹாம் வீடு, கையிலிருந்து 1 லட்சம், வங்கி 9 லட்சம். வட்டி 8 சதவீதம், 25 வருடம் என்று வைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 6,950. வருடத்துக்கு 83,000க்குக் கொஞ்சம் மேல். முதல் வருடம் முழுக்கக் கட்டினாலும் அசலில் கழிவது சுமார் 12,000தான். விலை ஏறிக்கொண்டிருக்கும்வரை இது யார் கண்ணிலும் படாது. பணவீக்கம் 10 சதவீதத்துக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. திர்ஹாம் டாலரோடு 3.6725 என்று கட்டப்பட்டிருந்ததால் அமெரிக்கா வட்டியைக் குறைக்கும்போது இங்கேயும் பணம் மலிவானது. திர்ஹாமின் மதிப்பை உயர்த்துவார்கள் என்று ஊகித்து வெளிநாட்டுப் பணம் வங்கிகளில் வந்து குவிந்தது. உயர்த்தவில்லை, 2008 நடுவில் அந்தப் பணம் வந்த வழியே போயிற்று. வீட்டுக்கடன் கொடுக்க வங்கிகளிடம் இருந்த காசில் ஒரு பகுதி அதுதான்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. செப்டம்பர் 15, லேமன் பிரதர்ஸ் திவால். அக்டோபர் தொடக்கத்தில், அதாவது மூன்றே வாரத்தில், நக்கீல் நிறுவனம் ஒரு கிலோமீட்டர் உயரக் கோபுரம் கட்டப்போவதாக அறிவித்தது. நவம்பரில் வீட்டுக்கடன் நிறுவனங்களான அம்லாக், தம்வீல் இரண்டும் புதுக் கடன் கொடுப்பதை நிறுத்தின. அதே நவம்பர் 20ஆம் தேதி இரவு அட்லாண்டிஸ் ஹோட்டல் திறப்புக்கு வானவேடிக்கை. 2009 ஜனவரியில் கோபுரத் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. வீட்டு விலைகள் சில மாதங்களில் உச்சத்திலிருந்து பாதிக்கு வந்தன, சில பகுதிகளில் அதற்கும் கீழே.

மேலே போட்ட கணக்கை இப்போது திரும்பப் பாருங்கள். வீடு 5 லட்சம், கடன் கிட்டத்தட்ட 8 லட்சத்து 88 ஆயிரம். விற்றாலும் மூன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் கைக்காசு போட்டால்தான் வங்கி விடும். அமெரிக்காவின் சில மாநிலங்களில் சாவியை வங்கியிடம் கொடுத்துவிட்டு நடந்துபோனார்கள் என்று படித்திருப்பீர்கள். துபாயில் அது நடக்காது. காரணம், செக்.

அந்த ஊரைப் புரிந்துகொள்ள ஒரு பொருளை மட்டும் காட்டச் சொன்னால் நான் பின்தேதியிட்ட செக்கைத்தான் காட்டுவேன். வாடகைக்குப் போனால் ஒரு வருட வாடகை ஒரே செக்காக, மிஞ்சிப்போனால் நான்கு செக்காக முன்கூட்டியே கொடுக்க வேண்டும். வீட்டுக்கடன், கார் கடன் எதுவானாலும் மொத்தத் தொகைக்கு ஜாமீன் செக் ஒன்று வங்கி அலமாரியில் தூங்கும். செக் திரும்பினால் அது கிரிமினல் குற்றம், சிறை. தனிமனிதர் திவாலானதாக அறிவித்துக்கொள்ளச் சட்டமே அப்போது கிடையாது. வேலை போனால் முதலாளி விசாவை ரத்து செய்வார், அதன்பின் 30 நாள் அவகாசம். கடைசிச் சம்பளமும் கிராஜுவிட்டியும் கணக்கில் விழுந்ததுமே கடன் கொடுத்த வங்கி அதை முடக்கிவிடும். கிராஜுவிட்டிதான் எவ்வளவு? முதல் ஐந்து வருடத்துக்கு, வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம்.

அதனால் 2009இல் வேலையிழந்த வீட்டுக்காரரின் நிலை விசித்திரமானது. பத்திரம் அவர் பெயரில் இருக்கும், ஆனால் முப்பது நாளுக்குமேல் அந்த வீட்டில் தூங்க அவருக்கு உரிமை இல்லை. வீடு வாங்கினால் விசா உண்டு என்று விற்கும்போது பல டெவலப்பர்கள் சொல்லியிருந்தார்கள். 2009இல் அரசு கொடுத்தது ஆறு மாத விசா, அதுவும் 10 லட்சம் திர்ஹாமுக்குக் குறையாத வீடு வைத்திருந்தால். அதை வைத்து வேலை பார்க்க முடியாது. வேலை செய்தால்தான் தவணை, தவணை கட்டினால்தான் வீடு, வீடு இருந்தாலும் வேலை விசா கிடையாது. கட்டி முடியாத வீட்டில் தவணை நிறுத்தியவர்களுக்கு இன்னொரு அடி. கட்டுமானம் எவ்வளவு முடிந்திருக்கிறது என்பதைப் பொறுத்து, டெவலப்பர் வீட்டு விலையில் 40 சதவீதம்வரைகூட வைத்துக்கொள்ளலாம் என்று 2009இன் சட்டத் திருத்தம் சொன்னது.

வாடகைக்காரர்களுக்கு அது வேறு காலம். “வாங்க சார், 12 செக் தாங்க, ஒரு மாசம் ஃப்ரீ” என்று வாட்ச்மேன் கீழே நின்று கூப்பிட்டார். ஒரு வருடத்துக்கு முன்னால் அதே வாட்ச்மேன் வீடு காட்டவே காசு கேட்டவர். ஷார்ஜாவிலிருந்து ஜனங்கள் துபாய்க்குத் திரும்பினார்கள். 09-09-2009 அன்று மெட்ரோ ஓடத் தொடங்கியது. நக்கீல் கட்டிய இன்டர்நேஷனல் சிட்டியில், சீனா, ரஷ்யா, பாரசீகம் என்று நாடுகளின் பெயர் வைத்த கட்டடத் தொகுதிகளில், வாடகை மலிந்துபோய் பெட் ஸ்பேஸ்காரர்கள் தனி வீடு எடுத்தார்கள். ஊருக்கு அனுப்பிய மனைவி மக்களை சிலர் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். சரிவு என்ற சொல்லுக்குள் இதுவும் அடக்கம். எழுதியவர்கள் இதை அதிகம் எழுதவில்லை.

உண்மையில் வாடகையா சொந்தமா என்ற கேள்வி கூர்மையானது அப்போதுதான். 2009 நவம்பர் 25 அன்று துபாய் வேர்ல்ட் தன் கடன்காரர்களிடம் அவகாசம் கேட்டது. டிசம்பரில் அபுதாபி 1,000 கோடி டாலர் கொடுத்தது. ஜனவரி 4 அன்று திறந்த கோபுரத்துக்கு, புர்ஜ் துபாய் என்று அதுவரை அழைக்கப்பட்டதற்கு, அபுதாபி ஆட்சியாளரின் பெயர் வந்தது. ஊர் மூழ்காது என்று அன்று தெரிந்துவிட்டது. விலையோ பாதி. இப்போது வாங்கலாமே?

நானும் ஷீட் திறந்து போட்டேன். வாங்குவதுதான் லாபம் என்று அது சொன்னது, சர்வீஸ் சார்ஜைக் கழித்த பிறகும். ஆனால் வங்கிகள் முன்பணத்தை ஏற்றி, பட்டியலிட்ட நிறுவன ஊழியருக்குத்தான் கடன் என்றன. என் அலுவலகத்தில் நான்கு மேசை காலியாக இருந்தது. அடுத்த மாதம் சம்பளம் வருமா என்று தெரியாதவன், மலிவாகக் கிடைக்கிறதே என்று 25 வருடத்துக்குக் கையெழுத்து போடுவதா? வீட்டு விலை விழுந்ததற்கும் வேலை போனதற்கும் காரணம் ஒன்றே. விலை மலிவான நாளும் வாங்கத் துணிவில்லாத நாளும் ஒரே நாளாக அமைந்தது தற்செயலில்லை.

இன்னொரு இழுப்பும் இருந்தது. 2008 தொடக்கத்தில் ஒரு திர்ஹாமுக்குக் கிட்டத்தட்ட பத்தே முக்கால் ரூபாய், 2009 மார்ச்சில் 14 ரூபாய். (1966 வரை அந்த ஊரில் புழங்கியதே இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட வளைகுடா ரூபாய்தான் என்பது தனிக்கதை.) ஒரு லட்சம் திர்ஹாம் சேமித்தவருக்கு, கையைக் காலை அசைக்காமல் மூன்றேகால் லட்ச ரூபாய் கூடியது. ஊரில் மனை வாங்கினார்கள். தாம்பரத்தைத் தாண்டி, திருச்சியில், நாகர்கோவிலில். அங்கே விசா தேவையில்லை. செத்தால் யாருக்குப் போகும் என்ற குழப்பமும் இல்லை. முஸ்லிம் அல்லாதவர் ஆங்கிலத்தில் உயில் பதிந்துகொள்ளும் பதிவகம் துபாயின் நிதி மையத்தில் வந்ததே 2015இல்தான்.

துணிந்து வாங்கியவர்களும் உண்டு. அரபு நாடுகளின் 2011 கிளர்ச்சிகளுக்குப் பின் பணம் பாதுகாப்பு தேடி துபாய் வந்தது, 2012இலிருந்து விலை ஏறியது. 2011இல் வீட்டுக்காரர் விசா மூன்று வருடமானது. 2013 அக்டோபரில் வெளிநாட்டவருக்கு முதல் வீட்டின் மதிப்பில் 75 சதவீதத்துக்குமேல் கடன் கூடாது என்று மத்திய வங்கி வரம்பு வைத்தது, பத்திரப் பதிவுக் கட்டணம் 4 சதவீதமானது. 2014க்குப் பின் விலை மறுபடி பல வருடம் இறங்கியது. செக் திரும்புவது பெரும்பாலும் குற்றமல்ல என்று ஆனது 2022 ஜனவரியில்.

எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் 2007இல் வாங்கிய ஒரு அண்ணன் இருந்தார். வேலை தப்பியது, சம்பளம் குறைந்தது, தவணை குறையவில்லை. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, வருகிற வாடகையோடு கையிலிருந்தும் போட்டு வங்கிக்குக் கட்டிக்கொண்டு, குடும்பத்தோடு ஷார்ஜாவில் ஒரு படுக்கையறை வீட்டில் வாடகைக்கு இருந்தார். 2012இல் நான் ஊர் திரும்பும்போதும் அப்படித்தான். “அண்ணே, நீங்க ஓனரா, டெனன்ட்டா?” என்று பசங்க கேலி பண்ணினால், இரண்டு செக் புத்தகத்தையும் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டுவார்.