தாய்ப்பாலூட்டல் ஆலோசனை (இந்தியா)

பாலூட்டும் தாய்க்கு நம்பகமான வழிகாட்டலும் துணையும் தரும் பணி. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டின் பேறுகளில் 88.6 விழுக்காடு மருத்துவ நிலையங்களிலேயே நடந்தன. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 41.8 விழுக்காடே. எனவே குறையைத் தாய்மாரின் மீது ஏற்றுவது நியாயமன்று. கட்டிலருகே நின்று கைகொடுப்பவர் இல்லாததே பெருங்குறை. பால் போதவில்லை என்ற அச்சம் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. முதல் நாள்களில் சீம்பால் சிறிதளவே சுரப்பது இயல்பு. குழந்தை காம்பை மட்டும் சப்பாமல், அதைச் சுற்றிய கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வினால் வலி குறையும், சுரப்பு கூடும். பால் போதுகிறதா என்பதை அழுகையைக் கொண்டு முடிவுசெய்யக் கூடாது. ஐந்தாம் நாளுக்குப் பின் தினமும் ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழிப்பதும் சீரான எடை ஏற்றமுமே சான்று.

வீட்டுப் பெரியவர்களின் அனுபவம் போதாதா என்பார்கள். பிள்ளையை ஏந்தும் பக்குவமும் பொறுமையும் அவர்களிடம் உண்டு. ஆனால் சேனை என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டுவைப்பது தீங்கு. ஆலோசனை தாய்க்குக் குற்றவுணர்வு தருகிறது என்ற குறையும் உண்மையே. ஆனால் நல்ல ஆலோசகர் உபதேசிப்பதில்லை. பாலூட்டுவதை நேரில் பார்த்துத் திருத்துவார், மருத்துவக் காரணத்தால் மாற்றுப்பால் தேவையென்றால் அதையும் தயங்காமல் சொல்வார். பால்மாவு விற்பனையில் ஆதாயமுள்ளவர் சொல்லை ஏற்கக் கூடாது. அதன் விளம்பரத்தை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. கிராம சுகாதாரச் செவிலியரையும் அங்கன்வாடிப் பணியாளரையும் கருவுற்ற காலத்திலேயே அணுகலாம். குழந்தை சோர்ந்து பால் குடிக்க மறுத்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.