உப்பளக் கரையில் வண்டி மின்சாரம்: டைனமோவிலிருந்து ஆல்டர்னேட்டர் வரை

தமிழகத்தில் வண்டியின் வரலாறும் உப்பின் வரலாறும் தொன்றுதொட்டே பின்னிக் கிடப்பவை. கடற்கரை உப்பை உள்நாட்டுக்கு ஏற்றிச் சென்ற உமணர், மேடுபள்ளமான வழியில் அச்சு முறிந்தால் அங்கேயே மாற்றிக்கொள்வதற்காக வண்டியின் அடியில் இன்னோர் அச்சைக் கட்டிச் சென்றனர் என்பதை, பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிட்டு ஔவையார் பாடிய புறநானூற்று 102ஆம் பாடலால் அறியலாம். மரக்காணம் உப்பளங்களின் விளைச்சல், அவ்வூரைத் தென்முனையாகக் கொண்ட பக்கிங்காம் கால்வாயில் படகேறியது. பின்னர் லாரிக்கு மாறியது. வண்டி மோட்டார் வண்டியானபோது, அச்சையும் சக்கரத்தையும் மட்டுமன்றி, கண்ணுக்குப் புலப்படாத மின்சாரத்தையும் பழுதுபார்க்கும் ஒரு புதிய தொழில் தேவைப்பட்டது.

அத்தொழிலின் முதற்பொருள் டைனமோ. காந்தப் புலத்தில் கம்பிச் சுருள் சுழன்றால் மின்சாரம் பிறக்கும் என்ற, மைக்கேல் பாரடே 1831இல் கண்ட உண்மையே அதன் அடிப்படை. 1912இல் அமெரிக்காவின் காடிலாக் கார், கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் முறையைக் கைவிட்டு மின்சார ஸ்டார்ட்டரை ஏற்றது. அதன்பின், பேட்டரியில் செலவான மின்சாரத்தை ஓட்டத்தின்போதே ஈடுசெய்யும் கருவி காருக்கு இன்றியமையாததாயிற்று. தமிழகத்தில் இக்கருவிகளின் உற்பத்திக்கு அடித்தளம் இட்டது, 1911இல் மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய போக்குவரத்துத் தொழிலின் வழிவந்த குழுமம். அது விளக்குகள் செய்து வளர்ந்த இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, 1961இல் லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனத்தைச் சென்னைப் பாடியில் நிறுவியது.

டைனமோவில் மின்சாரம் சுழலும் ஆர்மேச்சரில் பிறந்து, செப்புத் துண்டுகளால் ஆன கம்யூட்டேட்டர் என்னும் உருளையின் வழியாக நேர்மின்னோட்டமாக மாறி, அதன்மேல் உரசும் கார்பன் பிரஷ்களால் வெளியே எடுக்கப்படும். இவ்வமைப்பில் தேய்மானம் மிகுதி. எஞ்சின் மெதுவாக ஓடும்போது சார்ஜ் ஏறுவதும் இல்லை. ஆகவே அக்கால ஆட்டோ எலக்ட்ரீஷியனின் கைத்திறன் தேய்மானத்தைச் சீர்செய்வதிலேயே குவிந்திருந்தது: கரிந்த கம்யூட்டேட்டரைக் கடைந்து வழவழப்பாக்குவதும், செப்புத் துண்டுகளுக்கு இடையே எழும்பி நிற்கும் மைக்காவை ரம்பத் தகட்டால் சீவித் தாழ்த்துவதும், பேட்டரியிலிருந்து மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பிப் பாயாமல் தடுக்கும் கட்-அவுட்டைச் சரிசெய்வதும் அவருடைய அன்றாட வேலைகள். மாட்டிய டைனமோவின் காந்த முனைகளைச் சரியான திசையில் நிறுத்த, அதன் புலச் சுருளில் பேட்டரி மின்சாரத்தை ஒரு கணம் தொட்டு எடுக்கும் வழக்கமும் இருந்தது.

சிலிக்கான் டையோடு, அதாவது மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் செல்லவிடும் சிறு உறுப்பு, மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் நிலைமை மாறி, டைனமோவின் இடத்துக்கு ஆல்டர்னேட்டர் வந்தது. ஆல்டர்னேட்டரில் சுழல்வது காந்தப் புலம். மின்சாரம் பிறப்பதோ அசையாது நிற்கும் ஸ்டேட்டர் சுருள்களில். அங்கு பிறக்கும் மும்முனை மாறுமின்னோட்டத்தை டையோடுகள் நேர்மின்னோட்டமாக்க, ரெகுலேட்டர் அதன் வோல்ட் அளவைக் கட்டுப்படுத்துகிறது. பிரஷ்கள் சுழலும் ரோட்டருக்குச் சிறிதளவு மின்சாரத்தை மட்டுமே கொண்டு செல்வதால் தேய்மானம் குறைவு. எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் சார்ஜ் ஏறும். 1960இல் கிறைஸ்லர் நிறுவனம் வேலியண்ட் காரில் இதைப் பொருத்தியது. இந்தியச் சாலைகளில் டைனமோ பொருத்திய அம்பாசிடர்கள் நெடுங்காலம் ஓடின; 1983இன் இறுதியில் வெளிவந்த மாருதி 800 போன்ற கார்கள் பெருகியபோது ஆல்டர்னேட்டரே பொதுவழக்காயிற்று.

கருவி மாறிய வேகத்தில் வழக்கங்கள் மாறவில்லை. எஞ்சின் ஓடும்போதே பேட்டரியின் இணைப்பைக் கழற்றி, எஞ்சின் நின்றுவிட்டால் சார்ஜ் இல்லை என்று முடிவுகட்டும் டைனமோ காலச் சோதனையை ஆல்டர்னேட்டரில் செய்தால், திடீரென எழும் மிகை வோல்ட் டையோடுகளையும் ரெகுலேட்டரையும் காரின் மின்னணுக் கருவிகளையும் அழித்துவிடக்கூடும். அச்சோதனைக்கு உரிய மாற்று, எளிய விலையில் கிடைக்கும் மல்டிமீட்டர். எஞ்சின் நின்றிருக்கையில் முழுச் சார்ஜ் உள்ள பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது அது பெரும்பாலும் 13.8 முதல் 14.5 வரை உயர வேண்டும். உயரவில்லையெனில் முதலில் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்டின் இறுக்கத்தையும், டாஷ்போர்டின் பேட்டரி விளக்கையும் பார்க்க வேண்டும். ஏனெனில் பழைய வகைகள் பலவற்றில் ரோட்டரை முதலில் தூண்டும் மின்சாரம் அவ்விளக்கின் வழியே செல்வதால், சிறு பல்பு ஒன்று எரிந்துபோனாலே சார்ஜ் ஏறாமல் போகலாம்.

உப்பளக் கரையில் இந்தச் சோதனை வரிசை இன்னும் முக்கியமானது. கடற்காற்றில் வரும் உப்பு, ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு பேட்டரி முனைகளையும், எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் கம்பியையும் அரிப்பதால், ஆல்டர்னேட்டர் நன்றாக இருந்தும் மின்சாரம் பேட்டரியை முழுமையாக அடையாத நிலை உண்டாகிறது. எஞ்சின் ஓட, முகப்பு விளக்குகள் எரிய, எஞ்சின் உடலுக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், பழுது கம்பியிலும் இணைப்பிலும் இருக்கிறது என்று கொள்ளலாம். முனைகளைச் சுரண்டித் துப்புரவாக்கி இறுக்கிய பிறகும் வோல்ட் உயராதபோதுதான் ஆல்டர்னேட்டரை ஐயுற வேண்டும்.

பழுதான ஆல்டர்னேட்டரை மாற்றுவது பழுதைக் கண்டறிவதினும் எளிது. பேட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும். தவறினால், எப்போதும் மின்சாரம் நிற்கும் ஆல்டர்னேட்டரின் தடித்த கம்பி ஸ்பேனர் வழியே வண்டியின் உடலைத் தொட்டுத் தீப்பொறி பறக்கும். பின்னர் பெல்ட்டைத் தளர்த்தி, கம்பிகளின் இடங்களைக் குறித்துக்கொண்டு கழற்றி, அதே அளவுள்ள ஆல்டர்னேட்டரைப் பொருத்தி, பெல்ட்டை இறுக்கி, மீண்டும் வோல்ட் அளக்க வேண்டும். டைனமோவுக்குச் செய்ததுபோல் மின்சாரம் தொட்டு எடுக்கும் வேலை இங்கு தேவையில்லை. செய்தால் கேடே விளையும்.

டைனமோவைச் செப்பனிட்ட தலைமுறையின் பொறுமை போற்றத்தக்கது. அவர்களின் எல்லா வழக்கங்களும் அப்படியே பின்பற்றத்தக்கவை அல்ல. ஆல்டர்னேட்டருக்குக் காசு கொடுப்பதற்கு முன், வீட்டிலேயே மீட்டர் வைத்து அளந்து, எர்த் கம்பியைச் சுரண்டிப் பார்த்துவிடுவதே உப்புக் கடற்கரையில் கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் முதலில் செய்ய வேண்டிய வேலை.