நெய் ஊற்றப்பட்டவர்கள்

பீளமேட்டில் உட்கார்ந்துகொண்டு கடற்கொள்ளை பற்றி எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் சிரித்தார். ‘கடலுக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம்?’ சிங்காநல்லூர் தாண்டி நொய்யலைக் கடந்தால் வெள்ளலூர். கோவையின் குப்பையெல்லாம் போய்ச் சேருகிற இடம். 1842இல் அந்த மண்ணிலிருந்துதான் ரோமானிய வெள்ளிக்காசுப் புதையல் கிடைத்தது. மேலைக்கடலில் இறங்கிப் பாலக்காட்டுக் கணவாய் ஏறிவந்த காசு.

அந்தக் கடல் அச்சமற்றதாக இருக்கவில்லை. பக்கத்தில் கொள்ளையர் இருப்பதால் முசிறி இறங்குவதற்கு ஏற்ற துறையல்ல என்று முதல் நூற்றாண்டில் பிளினி எழுதினார். கப்பல்களில் வில்லாளிகள் ஏற்றப்பட்டதையும் அவரே சொல்கிறார். நம் வரலாற்றாசிரியர் பலர் இதையும் பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்தையும் முடிச்சுப்போட்டுவிட்டார்கள். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடல் கடந்துபோய்க் கடம்பை வெட்டினான், கடம்புக்காரர்கள் கொள்ளையர், ஆகவே சேரன் கடலின் காவலன். பாட்டில் இருப்பதோ பகைவரின் காவல்மரம் மட்டுமே. கொள்ளையர் என்ற பட்டம் நாம் சூட்டியது.

அதே பத்தின் பதிகத்தைப் பாருங்கள். இதே அரசன் யவனரைப் பிடித்து, கையைப் பின்னால் கட்டி, தலையில் நெய்யை ஊற்றி, விலைமிக்க கலங்களும் வயிரமும் வாங்கிக்கொண்டான். அந்த யவனர் மாலுமிகளா, வணிகரா, படைவீரரா என்று அறிஞர்கள் அடித்துக்கொள்கிறார்கள். யாராயிருந்தால் என்ன, ஆளைக் கட்டிவைத்துப் பொருள் வாங்குவதற்குப் பெயர் பிணைப்பணம்தானே? செய்தவன் தலையில் முடி இருந்ததால் அது புகழாகிவிட்டது. பதிகம் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது என்பார்கள். அப்படியானால் விஷயம் இன்னும் கனக்கிறது. தொகுத்தவனுக்கும் இது கூச்சப்படவேண்டிய செய்தியாகத் தோன்றவில்லை. பாடிய குமட்டூர்க் கண்ணனாருக்கு உம்பற்காட்டில் 500 ஊர் கிடைத்ததாகவும் அங்கேயே எழுதியிருக்கிறது. நெய் ஊற்றப்பட்டவன் பெயர் இல்லை.

2010 செப்டம்பரில் ‘அஸ்பால்ட் வென்ச்சர்’ கப்பல் சோமாலியரிடம் சிக்கியது. மாலுமிகள் 15 பேரும் இந்தியர். 2011 ஏப்ரலில் பணம் கைமாறியது. கப்பலும் 8 பேரும் விடப்பட்டார்கள். 7 பேரைக் கரைக்கு இழுத்துப்போனார்கள். இந்தியக் கடற்படை பிடித்துவைத்திருந்த தங்கள் ஆட்களை விட்டால்தான் இவர்களை விடுவோம் என்றார்கள். கொள்ளையன் அரசுகளின் மொழியைப் பேசத் தொடங்கிவிட்டான்: ஆளுக்கு ஆள். அந்த 7 பேர் மீண்டது 2014 அக்டோபரில்.

பிடிபட்ட சோமாலியரை மும்பையில் விசாரித்தபோது இன்னொரு வேடிக்கை. நம் தண்டனைச் சட்டத்தில் கடற்கொள்ளை என்றொரு குற்றமே இல்லை. கொலைமுயற்சி முதலான பிரிவுகளில்தான் வழக்கு நடந்தது. தனிச்சட்டம் 2022இல்தான் நிறைவேறியது. பணத்துக்கு மட்டும் விதி எப்போதோ தயார். மீட்கக் கொடுத்த தொகையைக் கப்பல்காரரும் சரக்குக்காரரும் பங்குபோட்டுக்கொள்ளும் பழைய கடல்வணிக முறை ஒன்று உண்டு. கரையில் கிடந்த 7 பேரை எந்தப் பங்கில் எழுதுவது?

நண்பருக்குப் பதில் சொல்லவேண்டும். கொச்சியிலும் தூத்துக்குடியிலும் பெட்டிபெட்டியாக ஏறுகிற நம்ம ஊர் நூலும் பம்பும் அந்த வருஷங்களில் ஏடன் வளைகுடா வழியாகத்தான் மேற்கே போயின. கொள்ளை அபாயத்துக்கென்று கப்பல் கம்பெனிகள் தனியாக ஒரு கட்டணம் வாங்கின. பழைய ரசீதுகளை எடுத்துப் பார்க்கட்டும்.