கஷாபா ஜாதவின் முதல் பன்னாட்டுப் போட்டியும் பயிற்றுநர்களும்

கஷாபா தாதாசாகேப் ஜாதவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1952 ஹெல்சிங்கி வெண்கலத்திலிருந்தே தொடங்குகின்றனர். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அது; அடுத்ததற்கு 1996 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆயினும் பயிற்சியின் வரலாற்றைத் தேடுவோருக்குப் பதக்கமில்லாத 1948ஆம் ஆண்டே கூடுதலாகப் பேசுகிறது. மண்ணில் வளர்ந்த மல்லர் ஒருவர் மெத்தை விரிப்பில் பன்னாட்டுப் போட்டிக்கு முதன்முறையாக இறங்கிய ஆண்டு அது.

ஜாதவ் 1926இல் சாத்தாரா மாவட்டத்தில் கராட் அருகிலுள்ள கோலேஷ்வரில் பிறந்தார். தந்தையும் மல்லரே. கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியில் பயின்ற காலத்தில் பாபுராவ் பலாவ்டே, பேலாபுரி குருஜி ஆகியோர் அவரைப் பயிற்றுவித்தனர். சாகு மகாராஜாவின் ஆதரவால் மல்யுத்தம் தழைத்த நகரம் கோலாப்பூர். அங்குப் பயிற்சிக்கூடத்திற்குத் 'தாலிம்' என்றும் ஆசானுக்கு 'வஸ்தாத்' என்றும் பெயர். (தமிழ்ப் பேச்சில் வழங்கும் 'வஸ்தாது' இச்சொல்லின் உறவே.) தாலிமில் தண்டாலும் பஸ்கியும் அன்றாடக் கடமை. எண்ணெய், மஞ்சள், மோர் முதலியன கலந்து பதப்படுத்திய மண்ணில் கால் சற்றே புதையும், அசைவு நிதானப்படும், பிடியின் வலுவும் மூச்சின் நீளமுமே வெற்றியைத் தீர்மானிக்கும். எதிராளியின் முதுகை மண்ணில் சாய்ப்பதே வெற்றி. புள்ளிக்கணக்கு என்ற எண்ணமே அங்கு இல்லை.

லண்டனில் இவை அனைத்தும் மாறின. மெத்தையில் கால் புதைவதில்லை. எதிராளி கண்ணிமைக்கும் நேரத்தில் காலைப் பற்றிவிடுவார். எல்லைக்கோடு உண்டு, காலவரையறை உண்டு, தீர்ப்பாளர்களும் உண்டு. அங்கு அவருக்கு வழிகாட்டியவர் அமெரிக்காவைச் சேர்ந்த முன்னாள் மல்லர் ரீஸ் கார்ட்னர். போட்டியை நெருங்கும் வேளையில் ஒரு பயிற்றுநர் புதிய உடலை உருவாக்கிவிட முடியாது. தாலிம் தந்த உடலுக்கு மெத்தையின் விதிகளைப் பழக்குவது மட்டுமே இயலும்.

'மண் மல்லர் மெத்தைக்கு ஆயத்தமற்றவர்' என்று வழக்கமாகச் சொல்லப்படுவதை நான் முழுமையாக ஏற்கவில்லை. அன்றைய ஒலிம்பிக் மல்யுத்தம் குறைப்புள்ளி முறையில் நடந்தது. எதிராளியை வீழ்த்தி வென்றவருக்குக் குறைப்புள்ளி கிடையாது. தீர்ப்பாளர் முடிவால் வென்றவரோ வெற்றி பெற்றும் ஒரு குறைப்புள்ளியைச் சுமக்க வேண்டும். வீழ்த்துவதையே இலக்காகக் கொண்ட தாலிம் பழக்கம் இம்முறைக்குப் பகையன்று, துணை. ஆஸ்திரேலியாவின் பெர்ட் ஹாரிசைத் தொடக்க நிமிடங்களிலேயே ஜாதவ் வென்றார். அமெரிக்காவின் பில்லி ஜெர்னிகனையும் வென்றபின், ஈரானின் மன்சூர் ரயீசியிடம் தோற்று, 52 கிலோ பிரிவில் ஆறாம் இடம் பெற்றார்.

லண்டன் பயணச் செலவைக் கோலாப்பூர் மகாராஜா ஏற்றார். ஹெல்சிங்கிக்காக ராஜாராம் கல்லூரியின் முன்னாள் முதல்வர் கர்டிகர் தம் வீட்டை 7,000 ரூபாய்க்கு அடகு வைத்ததாகக் கூறுவர். ஒரு மல்லரை உலக அரங்கிற்கு அனுப்பும் பொறுப்பு அரண்மனையிலும் ஆசிரியர் வீட்டிலும் தங்கியிருந்தது.

பயிற்றுநர் என்பவர் களத்திற்கு வெளியே நின்று விதியை எடுத்துரைப்பவரும் ஆவார். 1952இல் 57 கிலோ பிரிவில் ஜப்பானின் ஷோஹாச்சி இஷியுடன் நெடுநேரம் மோதித் தோற்ற கையோடு, சோவியத் மல்லர் ரஷீத் மமத்பேயோவை எதிர்கொள்ளுமாறு ஜாதவ் அழைக்கப்பட்டார். இரு மோதல்களுக்கும் இடையே அரைமணி நேர ஓய்வு அவருக்கு உரியது. அதைக் கேட்டுப் பெற இந்திய அலுவலர் எவரும் அங்கில்லை. களைத்த உடலோடு இறங்கித் தோற்றார்; வெண்கலத்தோடு கராட் திரும்பினார்.

பயிற்றுநர்களுக்கான துரோணாச்சாரியார் விருது 1985இல் நிறுவப்பட்டது. ஜாதவ் அதற்கு முந்தைய ஆண்டே விபத்தில் இறந்திருந்தார்.