சொக்கெட் 7: பொருந்தியும் ஓடாத புரொசெசர்கள்

1995இல் வந்த இன்டெலின் சொக்கெட் 7இல் 321 துளைகள். ஓரத்தில் ஒரு சின்ன நெம்பு. அதைத் தூக்கினால் பழைய புரொசெசரைக் கையாலேயே எடுத்துவிட்டுப் புதியதை வைக்கலாம். இன்டெல் மட்டுமில்லை, ஏ.எம்.டி., சைரிக்ஸ் சிப்களும் இதே துளைகளில் இருந்தன. முழுப் பெட்டியையும் மாத்தாமல் வேகத்தைக் கூட்ட, காசு குறைந்தவர்களுக்கு இது நல்ல வழி.

ஆனால் துளை பொருந்தினால் ஓடும் எண்டு இல்லை. 1997 ஜனவரியில் பென்டியம் எம்.எம்.எக்ஸ். வந்ததோடு இது தெளிவானது. அதற்கு முந்தின பென்டியத்துக்கு எல்லா இடமும் ஏறத்தாழ 3.3 வோல்ட்தான். எம்.எம்.எக்ஸுக்கோ சிப்பின் உள்ளே 2.8, வெளித்தொடர்புக்கு மட்டும் 3.3. இரண்டு வோல்ட்டேஜைப் பிரித்துக் கொடுக்கத் தெரியாத மதர்போர்டில் பூட்டினால் உள்ளுக்கும் 3.3 போகும். மின்சக்தி வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு கூடுவதால், கணக்குப்படி வெப்பம் கிட்டத்தட்ட 39 வீதம் அதிகம். உடனே புகை வரவேண்டும் எண்டில்லை. கொஞ்சநேரம் ஓடி, சூடேறி, உறைந்து நிற்கலாம். அப்போது சந்தேகம் மெமரியிலும் ஹார்ட் டிஸ்கிலும்தான் விழும்.

அடுத்தது ஜம்பர். பஸ் வேகத்தை எத்தனையால் பெருக்குவது எண்டு அந்தச் சின்ன மூடிகள்தான் சொல்லும். 233 மெகாஹேர்ட்ஸ் எம்.எம்.எக்ஸுக்கு 66ஐ 3.5ஆல் பெருக்கவேண்டும். பழைய போர்டுகளில் அந்த எண்ணே இல்லை. அதனால் 1.5க்கு ஜம்பர் வைத்தால் சிப் அதை 3.5 எண்டு எடுத்துக்கொள்ளும்படி செய்தார்கள். பின்னால் வந்த ஏ.எம்.டி. கே6-2 சிப்கள் 2ஐ 6 எண்டு வாசித்தன. ஆக, 66இல் ஓடும் போர்டிலும் 400ஐத் தொடலாம்; 2.2 வோல்ட்டைக் கொடுக்க அந்தப் போர்டால் முடிந்தால்.

இவ்வளவும் சரியாக இருந்தும் விண்டோஸ் 95 சிலவேளை தொடங்காது. 350 மெகாஹேர்ட்ஸும் அதற்கு மேலும் உள்ள கே6-2இல் இது நடந்தது. விண்டோஸ் ஒரு கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, எடுத்த நேரத்தால் வகுத்து வேகத்தைக் கணிக்கும். கே6-2 அதை மிக விரைவாக முடித்துவிட, நேரம் பூச்சியமாகும். பூச்சியத்தால் வகுக்க முடியுமா? பிழை சிப்பில் இல்லை. இவ்வளவு வேகத்தை எதிர்பாராமல் எழுதின மென்பொருளில். பிறகு அதற்கு ஒரு திருத்தம் வெளிவந்தது.

இதற்கிடையில், 1997 மே மாதம் பென்டியம் II உடன் இன்டெல் ஸ்லொட் 1க்குப் போனது. ஏ.எம்.டி.யின் சிப்கள் அதில் பொருந்தாது. ஏ.எம்.டி. பழைய சொக்கெட்டிலேயே நின்று, 1998இல் 100 மெகாஹேர்ட்ஸ் பஸ்ஸோடு சூப்பர் சொக்கெட் 7ஐ வளர்த்தது. கைவிடப்பட்ட ஒரு துளைக்கு இன்னும் சில வருடம் ஆயுள் கிடைத்தது.

இண்டைக்கு அப்படியொரு போர்ட் கையில் வந்தால் முதலில் வோல்ட்டேஜ், பிறகு பெருக்கும் எண், பிறகு பயோஸ், கடைசியாக மென்பொருள் எண்டு பாருங்கள். முதல் படியில் பிழைவிட்டால் சிப்பே போய்விடும். மற்றவற்றைத் திருப்பிச் செய்யலாம்.

இண்டைய மடிக்கணினிகள் அனேகமானவற்றில் புரொசெசர் போர்டோடு ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருக்கு. பிழைவிடவும் வழியில்லை, மாத்தவும் வழியில்லை. ஒரு பொருளை வாங்கின பிறகு அதில் எங்களுக்கு எவ்வளவு உரிமை மிச்சம் எண்ட கேள்வியை, அந்தச் சின்ன நெம்பு இருந்த காலத்தில் இருந்தே கேட்கத் தொடங்கலாம்.